இமைத் துடிப்பு

மூன்றாம் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஒரகடம் கூட்டுரோட்டில் நிற்கும். பிரசன்னா அங்கே இறங்கிக்கொள்வான். ஷேர் ஆட்டோ பிடித்து வாலாஜாபாத் சாலையில் இருக்கும் மருத்துவமனைக்குப் போவான். எதிர்க்கடையில் டீ குடிப்பான். சேஃப்டி ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்வான். தொட்டிக் குழாயில் முகம் கழுவிச் சட்டைக்கையில் துடைத்துக்கொள்வான். மாடி ஏறுவான். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகே ஆணியில் ஒரு பச்சை அங்கி தொங்கும். அதை மாட்டிக்கொண்டு உள்ளே போவான். மனைவி சந்தனமாரியின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பான். சூடாக இருக்கும். வெளியே வருவான்.

அவன் கழற்றும் அங்கியை மாமியார் வாங்கி மாட்டிக்கொள்வாள். ஒரு நோயாளிக்கு ஓர் அங்கி, ஒரு நேரத்தில் ஓர் ஆள். அங்கி கைமாறும்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அவன் உடம்புச் சூடு இன்னும் போகாத துணியை அவள் இரண்டு தடவை உதறிவிட்டுத்தான் போட்டுக்கொள்வாள்.

சந்தனமாரி வள்ளியூர்ப் பக்கத்துப் பெண். பிளஸ் டூ முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி அசெம்பிளி லைனுக்கு வந்தவள். பிரசன்னா சேரப்பணஞ்சேரிக்காரன். தண்டலம் பக்கம் எஞ்சினியரிங் படித்துவிட்டு ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருந்தான். இருவரும் கல்யாணம் செய்துகொண்டபோது, பிள்ளையைத் தலைமுழுகிவிட்டோம் என்று அவள் வீட்டிலிருந்து சொல்லியனுப்பினார்கள். மூன்று வருஷம் கழித்து அவளுடைய அம்மாவே போன் செய்தாள். அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வரச் சொன்னாள். கொடை நாளும் சந்தனமாரியின் வீட்டுவிலக்கு நாளும் ஒன்றாக விழுந்தன.

"தள்ளிப் போறதுக்கு மாத்திர இருக்குல்லா, அதப் போட்டுக்க தாயி. இத்தன வருசம் கழிச்சு வார, கோயிலுக்கு வெளிய நிக்கக்கூடாது" என்றாள் அம்மா.

சந்தனமாரி மாத்திரையை வாங்கிப் போட்டாள். கொடைக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து தலைவலி என்றாள். தலைவலியோடு வேலைக்குப் போனாள். லைனிலேயே விழுந்தாள். கையும் காலும் வெட்டி இழுத்தன.

மூளையிலிருந்து ரத்தம் திரும்பி வருகிற குழாயில் ரத்தம் கட்டி அடைத்திருக்கிறது என்றார்கள். அந்த மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். வலிப்பை நிறுத்தினார்கள். வாய்வழியாகக் குழாய் விட்டு மூச்சை இயந்திரத்திடம் கொடுத்தார்கள். அவள் கண் விழிக்கவில்லை. தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் மின்னலையை அரை மணி நேரம் பதிவெடுத்தார்கள். வலிப்பு இல்லை, அலை மந்தமாக ஓடுகிறது, இனி பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் பெரிய டாக்டர்.

பொறுக்க மாமியாருக்கு மனமில்லை. வெளியூரில் உயிர் போனால் அவர்கள் ஊரில் உடலை வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள். தெருவில் பந்தல் போட்டுக் கிடத்தி அப்படியே தூக்கிவிடுவார்கள். மூச்சு இருக்கும்போதே மகளை வீட்டுக்குள் கொண்டு சேர்த்துவிட வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே வள்ளியூர் வரை வருகிற ஆம்புலன்ஸ்காரர்கள் இருக்கிறார்கள். அவள் மகன் இசக்கியப்பன் ஒருவரிடம் பேசியும் வைத்துவிட்டான். புருஷன் சரி என்று சொன்னால் போதும். அவன் சொல்லவில்லை.

இசக்கியப்பனும் இங்கே ஒரு டயர் கம்பெனியில்தான் வேலை பார்த்தான். ஒரு காலை, ஹாஸ்டலில் அவனோடு தங்கியிருக்கும் ஊர்ப் பையன்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, பைக் நிறுத்துகிற இடத்தில் பிரசன்னாவை மறித்தான்.

"எத்தன நாளைக்கு மச்சான் எங்க பிள்ளைய இப்படிப் போட்டு வச்சிருப்ப?"

"கண்ணு முழிக்கிற வரைக்கும்."

"முழிப்பான்னு எவன் சொன்னான்?"

"முழிக்க மாட்டான்னு எவன் சொன்னான்?"

"வாய்க்கு வாய் பேசாத. இங்க நிக்கவன் பூரா எங்க ஊர்க்காரன். அவனுவளுக்கும் அவ தங்கச்சிதான்."

"மூணு வருசமா இந்த அண்ணனுங்கள்லாம் எங்க போயிருந்தீங்க? இன்னா, வழி தெரியலையா? ஹாஸ்டல்லருந்து எங்க வூடு ரெண்டு ஸ்டாப்பிங்தான்."

"இன்னாவாம்ல" என்று ஒரு பையன் பின்னாலிருந்து சிரித்தான். "இந்த இன்னாவக் கட்டத்தான் நம்ம பிள்ள ஊர விட்டு வந்திருக்கு."

பிரசன்னா அவனைப் பார்க்கவில்லை. இசக்கியப்பன் ஓர் எட்டு முன்னால் வைத்தான். அப்போது மாடிப்படியில் மாமியாரின் குரல் கேட்டது. பச்சை அங்கியோடே இறங்கி ஓடிவந்தாள்.

"ஏ இசக்கி, உந்தங்கச்சி பேசுதாடா."

எல்லாரும் திரும்பினார்கள்.

"கண்ணால பேசுதா. ஊருக்குப் போவமா தாயின்னு கேட்டேன். இமையச் சிமிட்டுதா. பெருவிரலயும் ஆட்டுதா. போவோம்ங்கா."

பிரசன்னா கையை நீட்டினான். அவள் அங்கியைக் கழற்றித் தரையில் போட்டாள். அவன் எடுத்துக்கொண்டு மேலே ஓடினான். இடது கண் இமை துடித்துக்கொண்டிருந்தது. கூடவே இடது கைப் பெருவிரல். அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். துடிப்பு நிற்கவில்லை. அதைத் தனக்கான பதிலாக எடுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து மாமியார் கேள்விகளோடுதான் உள்ளே போனாள். இந்த ஆஸ்பத்திரி வேண்டாமா? இமை துடித்தது. அம்மன் கூப்பிடுதாளா? துடித்தது. ஒன்ன இவன்தான் போகவிட மாட்டேங்கானா? துடித்தது. ஒவ்வொன்றையும் வெளியே வந்து வராந்தாவில் இருந்தவர்களிடம் சொன்னாள். அடுத்த கட்டில்காரர்களின் சொந்தங்கள் பிரசன்னாவைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள்.

அவனும் கேட்டான். என் மேல் கோவமா என்று கேட்டான். இமை துடிக்கவில்லை. இல்லை என்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தான். அன்று டீக்கடையில் வாங்கிய பன்னை முழுசாகத் தின்றான்.

மறுநாள் அவனுக்குக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. சும்மா நின்றான். இமை துடித்தது. நின்றது. அவன் வாயைத் திறக்கவில்லை, யாரும் அருகில் இல்லை. மறுபடி துடித்தது, விரலும் சேர்ந்தது, கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தானாக நின்றது. அவன் வெளியே வந்து நரம்பியல் டாக்டர் மெர்சியைத் தேடிப் போனான். பெரிய டாக்டருக்குக் கீழே இருந்தவர், வயதில் அவனைவிட ஒன்றிரண்டு கூட இருக்கும்.

"கூப்பிட்டாதான் துடிக்குதா?" என்று கேட்டார்.

"கூப்பிடாதப்பவும்."

மெர்சி கட்டிலருகே வந்து பொறுமையாக நின்றார். துடிப்பு வந்ததும் இமையை விரலால் தூக்கினார். உள்ளே கருவிழி இடது பக்கமாகச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டிருந்தது. யாரையும் பார்க்கிற கண்ணாக அது இல்லை.

"இது பதில் இல்ல சார். வலிப்பா இருக்கலாம். கைகால் இழுக்காம உள்ளுக்குள்ளயே வந்து வந்து போகும். முன்ன பதிவெடுத்த அந்த அரை மணி நேரத்துல அது வராம இருந்திருக்கலாம். ஒரு நாள் முழுக்க ஒயர் வச்சுப் பாக்கணும்."

"வலிப்புன்னா?"

"மருந்து இருக்கு. நிறுத்தினா முழிக்கலாம். முழிக்காமயும் போகலாம். நிறுத்தாம விட்டா முழிக்கிறது கஷ்டம்."

"வைங்க."

"வீட்டுல பெரியவங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும்னு..."

"வைங்க மேடம்."

பதிவெடுக்கும் ரத்னா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். படப்பைக்காரி, வாய் சும்மா இருக்காது. சந்தனமாரியின் தலையைத் தொட்டவள் கையை முகர்ந்து பார்த்தாள்.

"இன்னா சார் இது, தலையா எண்ணெச்சட்டியா? ஒண்ணும் ஒட்டாது. யாரு தடவினுகீறாங்க?"

மாமியார்தான். அம்மன் விளக்கில் எரிந்த எண்ணெயை ஊரிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள். முந்தானைக்குள் வைத்து உள்ளே எடுத்துப் போய், தினமும் மகளின் உச்சியில் வைத்துத் தேய்த்தாள். முதல் தடவை எடுத்த பதிவும் இந்த எண்ணெய்க்கு மேலேதான் எடுக்கப்பட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. நர்ஸுகள் ஷாம்பு போட்டுத் தலையை அலசினார்கள். ரத்னா வகிடு வகிடாகப் பிரித்து, பசை வைத்து ஒவ்வோர் ஒயராக ஒட்டினாள். பிரசன்னா வெளியே வந்து மாமியாரின் முன்னால் நின்றான். மனைவி கொடைக்குப் போய் வந்ததற்குப் பிறகு அவளிடம் அவன் நேரே பேசியது அதுதான் முதல் தடவை.

"ஒரு நாளைக்குத் தலையத் தொடாதீங்க அத்தை. ஒரே ஒரு நாள்."

அவள் அவனுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள்.

"தலைக்குள்ள கரண்டு வைக்காவன்னு சொன்னாவளே. நெசமா?"

"கரண்டு வைக்கல. உள்ள ஓடுறதப் பாக்குறாங்க."

"எம்பிள்ளைக்கு உள்ள என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று அங்கியை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை அவன் உள்ளே போனபோது ரத்னா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். உச்சியில் ஒட்டியிருந்த ஒயர்கள் தலையணையில் கிடந்தன. தலைமயிர் பளபளத்தது. திரையில் பாதிக் கோடுகள் வெறுமனே கிறுக்கிக்கொண்டிருந்தன.

"போச்சு சார். எடுத்ததுல பாதி ஒதவாது. உங்க மாமியாரு இருக்காங்களே, அவங்களுக்கு மொதல்ல ஒயர் வச்சுப் பாக்கணும்."

அவன் வராந்தாவுக்கு வந்தான். மாமியார் அங்கிக்காகக் கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

"மறுபடியும் தடவுனீங்களா?"

"ஆமா. எம் மவ தல. தடவுவேன்."

"அவ பொழைக்கிறது உங்களுக்குப் புடிக்கலையா?"

"பேசுத பிள்ளைக்கு வலிப்புன்னு பேரு வைக்க. ஊருக்குப் போணும்னு அவ சொல்லுதது ஒனக்குக் கசக்கு. அதான் அவ சொல்லே இல்லன்னு ஆக்கப் பாக்க."

"அந்த மாத்திரைய யாரு போடச் சொன்னது?"

இசக்கியப்பன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். மாத்திரை விஷயம் அவனுக்கு அதுவரை தெரியாது. மாமியார் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

பிரசன்னா அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வாசல் செக்யூரிட்டியிடம் போய், அந்த அம்மாவை இனி மேலே விடக்கூடாது, நான் புருஷன், நான் சொல்கிறேன் என்றான். டாக்டர் மெர்சி, ஒரு நாளைக்கு மட்டும் என்றால் சரி என்றார். அவன் தலையாட்டினான். செக்யூரிட்டியிடம் போய் அதைத் திருத்திச் சொல்லவில்லை. மாமியார் கீழே மருந்துக்கடை வாசல் படியில் போய் உட்கார்ந்தாள்.

தலையை மறுபடி அலசி, மறுபடி ஒட்டி, பதிவு ஓடியது. அடுத்த நாள் மெர்சி அவனைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துக் காட்டினார். கோடுகள் சோம்பலாக நடந்துகொண்டிருந்தன. வலது பாதியில் ஒரு கோட்டில் மட்டும் ரம்பப் பல் மாதிரிக் கூர் கிளம்பியது. பக்கத்துக் கோட்டுக்குத் தொற்றியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் முழுக்கப் பல்லாகி, பிறகு சட்டென்று படுத்தது.

"இந்த நேரத்துல யாராவது கிட்ட இருந்தாங்களா?" என்று கேட்டான்.

"யாரும் இல்ல. நர்ஸ் எழுதியிருக்காங்க, இமை துடிச்சுதுன்னு மட்டும்."

அவர் தள்ளித் தள்ளிக் காட்டினார். பகலெல்லாம் வந்திருந்தது, இரவெல்லாம் வந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கோவமா என்று தான் கேட்டபோது இமை துடிக்காமல் இருந்தது ஏன் என்பதும் அவனுக்குப் புரிந்தது. அது பல் முளைக்காத நேரம். அவ்வளவுதான்.

"மருந்தப் போடுங்க" என்றான்.

போட்டார்கள். ஒன்று கேட்கவில்லை, இன்னொன்று சேர்த்தார்கள். கோடுகள் படுத்தன. இமை நின்றது, விரல் நின்றது. சந்தனமாரி அதற்கு முன்னால் இருந்ததைவிடச் செத்தவளைப் போல இருந்தாள்.

அண்ணன்காரன் மேலே போய்ப் பார்த்துவிட்டுக் கீழே போனான். கொஞ்ச நேரத்தில் மாமியாரின் அலறல் மாடிக்குக் கேட்டது.

"பேசிக்கிட்டிருந்த பிள்ள வாய அடச்சிட்டானே. கண்ணு ஒண்ணுதான பாக்கி இருந்துச்சு, அதையும் அடச்சிட்டானே பாவி."

மருந்துக்கடையில் மருந்து வாங்கப் போகிறபோதெல்லாம் அவன் அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அவள் ஒவ்வொரு தடவையும் மண்ணை அள்ளி அவன் போன பக்கம் தூற்றினாள். டீக்கடையில் ஊர்ப் பையன்கள் அவனுக்கு பெஞ்சில் இடம் விடவில்லை. ஒருவன் சூடான டீயை அவன் தோளில் ஊற்றினான்.

"கை தவறிட்டு அண்ணாச்சி" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

பிரசன்னா நனைந்த சட்டையோடு மேலே போனான். ஆணியில் தொங்கிய அங்கியை அதற்கு மேலே மாட்டிக்கொண்டான்.

சில நாள் கழித்து அவள் கண்ணைத் திறந்தாள். அது துடிப்பு இல்லை. மெர்சி இந்தப் பக்கம் நின்றபோது இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் போனபோது அந்தப் பக்கம் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னபோது குழாயைத் தாண்டி நாக்கை நீட்டப் பார்த்தாள். ரத்னா பக்கத்துக் கட்டிலில் ஒட்டிக்கொண்டிருந்த ஒயரைப் போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். சந்தனமாரி குழாயைப் பிடுங்கப் போனதால், இரண்டு கையையும் துணிநாடாவால் கட்டிலின் கம்பியில் கட்டினார்கள்.

ஒரு முற்பகலில் குழாயை எடுத்தார்கள். அவள் இருமினாள். தண்ணீரை ஸ்பூனால் கொடுத்தார்கள். பிரசன்னா அருகில் போய்க் குனிந்தான். அவள் அவனைப் பார்த்தாள். கரகரத்த குரலில் ஒன்றைச் சொன்னாள். அவன் அதைச் செய்தான். அவள் கண்ணை மூடித் தூங்கினாள். மூச்சு அவளுடையதாக இருந்தது.

கீழே போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். படி வரைக்கும் வந்தான். மருந்துக்கடை வாசலில் மாமியார் உட்கார்ந்திருப்பது மாடி ஜன்னல் வழியாகத் தெரிந்தது. தோளில் தோல் உரிந்த இடம் எரிந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பி வந்துவிட்டான்.

அன்று சாயங்காலமே, படுத்தே கிடந்ததில் காலில் கட்டியிருந்த ரத்தம் நகர்ந்து நுரையீரலை அடைத்துவிட்டது. மூச்சு வாங்கினாள். ஓடிவந்தார்கள். நெஞ்சை அமுக்கினார்கள். அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். பிறகு நிறுத்தினார்கள். மெர்சி வெளியே வந்து அவனிடம் ஏதோ சொன்னார். அவன் சரி மேடம் என்றான்.

விடிந்ததும் பிணவறையின் பின் வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று சேரப்பணஞ்சேரியிலிருந்து அவன் அப்பா அனுப்பியது. இன்னொன்று இசக்கியப்பன் பிடித்து வந்த குளிர்பெட்டி வண்டி, தெற்கே போக. ஊர்ப் பையன்கள் அதைச் சுற்றி நின்றார்கள். இரண்டு டிரைவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பீடி குடித்தார்கள்.

"எங்க வூட்டுக்குத்தான் போவும்" என்றான் பிரசன்னா. "அவ எம் பொண்டாட்டி."

"உயிரோட கேட்டப்பவே தரல. பொணத்தயும் நீயே வச்சுக்கிடுவியா?"

"ஆமா."

"தூக்கிப் பாரு. ஒரு எட்டு எடுத்து வச்சுப் பாரு."

பையன்கள் நெருங்கினார்கள். பிரசன்னா நகரவில்லை. இசக்கியப்பன் அவர்களைக் கையால் நிறுத்தினான். பிரசன்னாவின் கையைப் பிடித்துச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனான். அருகில் வந்தபோதுதான் அவன் ராத்திரி முழுக்க அழுதிருக்கிறான் என்று தெரிந்தது. குரலைத் தாழ்த்தினான்.

"அவ முழிச்சு ஒண்ணு சொன்னாளாமே. நர்ஸு சொல்லிட்டு. அம்மைக்கும் தெரிஞ்சு போச்சு. ராவெல்லாம் அதையே கேட்டுக்கிட்டுக் கெடக்கா. நீ அந்த மாத்திரப் பேச்சு எடுத்ததுலருந்து அவ சோறு திங்கல மச்சான். இப்ப வந்து ஒன்ட்ட கேப்பா. அம்மையத் தேடுனான்னு சொல்லிரு. அம்மான்னு கூப்பிட்டான்னு சொல்லிரு. வேற ஒண்ணும் வேண்டாம்."

பிரசன்னா சேரப்பணஞ்சேரி வண்டியைப் பார்த்தான்.

"நீ சொன்னேன்னு வையி, நான் வண்டியத் திருப்பி அனுப்பிருதேன். நீயே கொண்டு போ. ஒங்க ஊர்லயே வையி. ஒருத்தனும் மறிக்க மாட்டான். அம்மன் மேல ஆணையாச் சொல்லுதேன்."

"சொல்லலன்னா?"

"வள்ளியூர். நீ வண்டி பின்னாடி வந்தாக்கூட ஏத்த மாட்டோம்."

மாமியார் வந்தாள். இரண்டு பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அவன் எதிரில் வந்து அவர்களை விலக்கிவிட்டுத் தனியாக நின்றாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். திட்டவில்லை.

"என்ன சொன்னா?" என்றாள். "நெசமாச் சொல்லும். எம்பிள்ள கடைசியா என்ன சொன்னா?"

இசக்கியப்பன் அவள் தோளுக்கு மேலே இருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். சேரப்பணஞ்சேரி வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. அம்மா என்று சொன்னால் போதும். ஆனால் அவள் சொல்லாததை எல்லாருமாக எத்தனையோ நாள் அவள் வாயில் வைத்துப் பார்த்தாயிற்று. அவனும்தான் வைத்தான்.

"கையக் கட்டி வச்சிருந்தாங்க அத்தை" என்றான். "அவ சொன்னது இவ்ளோதான்: 'கைய அவுத்து விடுங்க. மூக்கு அரிக்கு.'"